செல்லாயிக்குக் கல்யாணம் ஆகவில்லை

அத்தியாயம் பதினொன்று

அர்ச்சுனன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, "போலீஸுக்குப் போகக் கூடாதா?" என்று கேட்காத ஆள் ஈப்போ பக்கத்து லகாட்டில் இல்லை. செல்லாயி வீட்டார் போனார்கள். "பிள்ளை அப்பனிடம்தானே இருக்கிறது, அந்நியனிடமா இருக்கிறது?" என்று கேட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் போலீஸார் திருப்பி அனுப்பினார்கள்.

தெலுக் இந்தானில் திருவிழா, இரண்டு நாளில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லித்தான் அவன் கஸ்தூரியை வேனில் ஏற்றினான். மூன்று வயதுப் பிள்ளை, அப்பாவோடு போகிறோம் என்று குதித்துக்கொண்டு ஏறியது. மாதம் ஒன்றாகிவிட்டது. அவன் அங்கே வேறொருத்தியைக் கட்டி, பதிவு அலுவலகத்தில் கையெழுத்தும் போட்டுக் குடித்தனம் நடத்துகிறான் என்பது, பிள்ளையைத் தேடிப் போன பிறகுதான் செல்லாயிக்குத் தெரிந்தது.

அதுவரை, புருஷன் வீட்டுப் பக்கம் வராததற்கு லாரி வேலைதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நம்பினவளை ஏமாளி என்று சொல்லும் ஊர் இது. ஏமாற்றினவனுக்கு அது இன்னும் ஒரு பெயரும் வைக்கவில்லை.

அவளுடைய தங்கை நவமணி கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறாள். நீண்ட விடுமுறைக்கு வந்தவள், ஈப்போவில் காப்பி விற்கும் ஒரு கொப்பிக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் இலவச சட்ட உதவி மையத்தில் வேலை செய்கிறாள். சம்பளம் கிடையாது. கோர்ட்டில் நின்று பேச அவளுக்கு இன்னும் உரிமை கிடையாது. வருகிறவர்கள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் வாக்குமூலமாக எழுத வேண்டும், எழுதியதைத் திரும்பத் தமிழில் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

வாடகை வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், ஆலையில் விரலைக் கொடுத்துவிட்டு நஷ்ட ஈடு கிடைக்காதவர்கள், புருஷன் ஓடிப்போன பெண்கள் என்று அந்த மாடிப்படி முழுக்க ஆட்கள். இந்த வியாழக்கிழமை அந்தப் படியில் அவளுடைய சொந்த அக்காவும் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே வக்கீல் லூர்துசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நவமணி எழுதிய தாளைப் பார்த்தார். வாரத்தில் ஒருநாள் தன் சொந்த ஆபீஸைப் பூட்டிவிட்டு இங்கே வந்து உட்காருகிறவர். நல்ல மனிதர். நாக்குதான் கொஞ்சம் சூடு.

"உன் அக்கா கேஸ நீ எழுதக் கூடாதுன்னு மொதல்லயே சொன்னேன்," என்றார். "மத்த ரெண்டு ஸ்டூடண்டும் சீனப் பிள்ளைங்க. தமிழ்ல கேட்டு எழுத வேற ஆள் இல்ல, அதனாலதான் விட்டேன். எழுதுற நேரத்துல நீ தங்கச்சி இல்ல. வெளங்குதா?"

"வெளங்குது சார்."

"அப்ப ஏன் ரெண்டாவது பாரா மொட்டையா இருக்கு?"

அந்த இரண்டாவது பாராவில் வர வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மனுதாரருக்கும் அர்ச்சுனனுக்கும் சட்டப்படி திருமணம் நடக்கவில்லை.

நடந்தது. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், தோட்டமே கூடி நிற்க, மேளம் முழங்க நடந்தது. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், எண்பத்திரண்டு மார்ச்சில், புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இனிமேல் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், கோயிலில் கட்டிய தாலி மட்டும் போதாது என்றது அந்தச் சட்டம். பால் மரத்துக்கு நடுவில் இருந்தவர்களுக்கு இதை யார் வந்து சொன்னார்கள்? கல்யாணம் முடிந்ததும் கோயில் நோட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போட்டார்கள். அதுதான் ரெஜிஸ்டர் என்று முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள்.

"அவன் சங்கதி தெரியுமில்ல?" என்றார் லூர்துசாமி. "ரெஜிஸ்ட்ரார் முன்னுக்கு, எனக்குக் கல்யாணமே ஆகலன்னு சத்தியம் பண்ணி அந்தப் பொண்ணக் கட்டியிருக்கான். இப்ப கோர்ட்டுல, செல்லாயி என் பெண்டாட்டி, கோயில்ல தாலி கட்டினவன் நான், பிள்ள எனக்குத்தான்னு கேக்குறான். அங்க போனா பிரம்மச்சாரி, இங்க வந்தா சம்சாரி."

"அந்தச் சத்தியத்தையே எடுத்து ஜட்ஜுகிட்ட காட்டலாமே சார்."

"காட்டத்தான் போறேன். ஆனா உன் அக்கா வாயிலேருந்து அந்த வார்த்த வரணும். அவ பெண்டாட்டின்னா, சட்டப்படி பிள்ளைக்குக் காப்பாளன் அப்பன். பெண்டாட்டி இல்லன்னா பிள்ள அவளுக்கு. வேற வழி இருந்தா நீ சொல்லு, நான் எழுதுறேன்."

வேறு வழி இல்லை என்பது நவமணிக்குத் தெரியும். முறையாக வாழ்க்கைப்பட்டவளுக்குத் தன் பிள்ளைமேல் இரண்டாம் இடம், கல்யாணம் ஆகாதவளுக்கு முதலிடம். இதைப் பாடப் புத்தகத்தில் முதல்முதலாகப் படித்த அன்று அவள் பேனாவைச் சுவரில் வீசினாள். அது யாரோ ஒருத்தியின் கதை என்று அப்போது நினைத்திருந்தாள்.

எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது.

செல்லாயி தையல் ஆலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆலைச் சட்டையோடேயே வந்திருந்தாள். நவமணி ஒவ்வொரு பாராவாகத் தமிழில் படித்துக் காட்டினாள். இரண்டாவது பாரா முடிந்ததும் செல்லாயி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இத யாரு எழுதினா?"

"நான்தான்க்கா."

"நீயா." செல்லாயி தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "என் கல்யாணத்துக்கு பட்டுச் சேலதான் கட்டுவேன்னு ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தவ நீ. ஆரத்தித் தட்டு தூக்கிக்கிட்டு முன்னுக்கு நடந்தவ நீ. இப்ப அங்க கல்யாணமே நடக்கலன்னு எழுதுற."

"சட்டப்படி நடக்கலன்னுதான்க்கா..."

"அப்ப நான் யாருடி? அவன் வச்சிக்கிட்டவளா?"

"எனக்கு மட்டும் இத எழுத ஆசையா?" நவமணிக்குக் குரல் உடைந்துவிட்டது. தங்கை இல்லை என்று சொல்லிவைத்ததெல்லாம் பறந்துவிட்டது. "அவன் மேல இருக்கிற கோவத்தவிட இந்தச் சட்டத்த எழுதினவங்க மேலதான் எனக்குக் கோவம். என்ன செய்யச் சொல்ற?"

"அவன உள்ள தூக்கிப் போடு. பெண்டாட்டி இருக்கிறப்ப இன்னொருத்தியக் கட்டினா ஜெயில்தானே?"

பக்கத்து மேசையில் இருந்த லூர்துசாமி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"போடப் பாக்கலாம்மா. அதுக்கு நீ அவன் பெண்டாட்டின்னு நிரூபிக்கணும். நிரூபிச்ச அன்னிக்கே பிள்ள அவன் பக்கம் போயிரும். அந்தக் கேஸு முடிய ரெண்டு மூணு வருஷம் இழுக்கும். அதுவரைக்கும் பிள்ள அங்கதான். உனக்கு அவன் ஜெயிலுக்குப் போகணுமா, பிள்ள வீட்டுக்கு வரணுமா? ரெண்டையும் வாங்கித் தர என்னால முடியாது."

இப்படி முகத்துக்கு நேராகச் சொல்கிறாரே என்று நவமணிக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஆனால் பூசி மெழுகிச் சொல்ல அதில் என்ன இருக்கிறது?

செல்லாயி தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"போன ஞாயித்துக்கெழம தெலுக் இந்தானுக்குப் போனேன்," என்றாள். "வீட்டுல யாருக்கும் சொல்லல. கேட்டத் தொறக்கல. கம்பியப் புடிச்சிக்கிட்டு வெயில்லயே நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு பிள்ள ஜன்னலுக்கு வந்துச்சு. அவ பின்னுக்கு நின்னு சொல்லிக் குடுக்குறா, ஆண்டிக்கு டாட்டா சொல்லுன்னு."

நவமணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொல்லுச்சு. ஆண்டி டாட்டான்னு. கைய ஆட்டுச்சு. நான் பெத்த பிள்ள." செல்லாயி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டா அது என்னய அடையாளமே மறந்துரும்லா. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அவனுக்கு நான் யாரா வேணாலும் இருந்துட்டுப் போறேன். கஸ்தூரிக்கு நான் ஆண்டி இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

கையெழுத்தைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால்தான் போட வேண்டும். இரண்டு தெரு தள்ளி, ஒரு கடையின் பாதியைத் தடுத்து அவர் ஆபீஸ் வைத்திருந்தார். வயதான மலாய்க்காரர். போகும் வழியில் ரோட்டைக் கடக்கும்போது செல்லாயி பழக்க தோஷத்தில் தங்கையின் கையைப் பிடித்தாள், கடந்ததும் விட்டுவிட்டாள்.

ஆணையர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "சிக் கா, புவான் கா?"

செல்வியா, திருமதியா என்று கேட்கிறார். தினமும் எத்தனையோ பேரிடம் கேட்கிற கேள்விதான். நவமணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்லாயி முந்திக்கொண்டாள்.

"சிக்."

அவர் கண் அவள் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றுக்குப் போனது. பிறகு தாளுக்குப் போனது. ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார். அந்த மனிதருக்கு இருந்த நாகரிகம் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இருந்தால் போதும்.

அக்காவின் கையெழுத்துக்குக் கீழே நவமணியும் ஒன்று போட வேண்டியிருந்தது. நான் உண்மையாக மொழிபெயர்த்துப் படித்தேன், இவருக்கு விளங்கியது என்று. போட்டாள்.

லகாட்டுக்கு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது சாயந்தரம் ஆகிவிட்டது. ஈயம் தோண்டி விட்ட குளத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட வாடகை வீடு. அப்பா உடையப்பன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தோட்டத்தை முதலாளிகள் விற்றுக் கைமாற்றிய பிறகு, மர ஆலை ஒன்றில் இரவுக் காவலுக்கு ஜாகா வேலை பார்க்கிறார். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"திங்கக்கெழம கோர்ட்டுக்கு நானும் வாரேன்."

"வாங்கப்பா," என்றாள் நவமணி. "அக்காவுக்கும் தொணையா இருக்கும்."

"தொணைக்கு இல்ல. சாட்சி சொல்ல. சன்னாசி வந்துட்டுப் போனாரு. மாப்பிள்ள பக்கத்து லாயரு கூப்பிடுறாராம்."

சன்னாசி அந்தத் தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவராக இருந்தவர், அர்ச்சுனனுக்குத் தாய்மாமன். பிள்ளை போன நாளிலிருந்து ஒரு வார்த்தை விசாரிக்க வராதவர், இன்றைக்கு மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பெங்கிலிருந்து வந்திருக்கிறார்.

"எந்த மாப்பிள்ள?" என்றாள் செல்லாயி.

உடையப்பன் அவளைப் பார்க்கவில்லை. "ஒனக்குக் கல்யாணமே ஆகலன்னு எழுத வைக்கப் போறாங்களாம்லா. எழுதியாச்சா?"

"எழுதியாச்சு. சத்தியமும் பண்ணியாச்சு."

அவர் பொத்தானை விட்டுவிட்டு நின்றார். "அந்தக் கோயிலுக்கு நான் பொருளாளர். பந்தக்கால் நட்டவன் நான். ஒன் கையப் புடிச்சு அவன் கையில குடுத்தவன் நான். அவன் செஞ்சது துரோகம், நான் இல்லங்கல. அதுக்காக என் மக கல்யாணம் ஆகாம பிள்ள பெத்தவன்னு கோர்ட்டுல நம்ம வாயாலயே சொல்லணுமா? நான் விடமாட்டேன். ஜட்ஜு முன்னுக்கு நின்னு நடந்தத சொல்லுவேன்."

"நீங்க அப்படிச் சொன்னா பிள்ள அவனுக்குப் போயிரும்பா," என்றாள் நவமணி. "அதுக்குத்தான் சன்னாசி வந்தாரு. ஒங்க கௌரவத்துக்காக வரல. ஒங்க வாய வச்சே பிள்ளைய எடுத்துக்கப் பாக்குறாங்க."

"இப்படி ஒரு சட்டத்தப் படிக்கவா ஒன்ன கோலாலம்பூருக்கு அனுப்பினேன்?"

"சட்டம் அன்னிக்கும் இருந்துச்சு. நீங்க ரெஜிஸ்டர் பண்ணியிருந்தா அவனால இன்னொருத்தியக் கட்டியிருக்கவே முடியாது. மாப்பிள்ள வீட்டு ஆளு ஒருத்தர் ஆபீஸுக்குப் போலாம்னு சொன்னாராமே. ஏன் போகல?"

அடுப்பங்கரையிலிருந்து அம்மா முத்தம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"கேளு, நல்லா கேளு," என்றாள். "பொண்ணோட அப்பன் ஐ.சி.யையும் கேப்பாங்கன்னு பயம் இவருக்கு. சம்பந்தி ஆளுங்க முன்னுக்கு சிவப்பு ஐ.சி.ய எடுத்து நீட்டணுமேன்னு. அதான் கோயில்ல போட்ட கையெழுத்தே போதும்னுட்டாரு."

நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டை. பதின்மூன்று வயதில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்ட இறங்கியவர் உடையப்பன். இந்த நாட்டுக்கு அவர் இறக்கிக் கொடுத்த பாலுக்கு அளவே கிடையாது. அதற்குப் பிறகும் நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று அட்டை கொடுத்தவர்கள் வெட்கப்பட வேண்டும். வெட்கப்பட்டது அவர்தான். எந்த ஆபீஸ் வாசலிலும் ஏறாமல், மனு எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல், சட்டைப் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியவர்.

நவமணிக்கு அதைச் சொல்ல மனமில்லை. இருந்தாலும் சொன்னாள். "கேக்க மாட்டாங்கப்பா. அக்காவுக்கு அப்பவே இருபத்தொண்ணு தாண்டியாச்சு. அப்பன் ஐ.சி.ய யாரும் கேக்க மாட்டாங்க."

உடையப்பனின் முகம் செத்துப்போனது. அவமானப்பட்ட மனிதன் இறங்கி வருவான் என்று நினைப்பவர்களுக்கு அவமானம் என்றால் என்னவென்று தெரியாது. அவர் குரலை உயர்த்தினார்.

"எது எப்படியோ. நான் சொல்றது சொல்றதுதான். இந்த வீட்டுல கல்யாணம் ஆகாதவ எவளும் கெடையாது."

செல்லாயி உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து துணிப்பையை இழுத்தாள். கொடியில் கிடந்த சேலைகளை உருவி, மடிக்காமலே அதற்குள் திணித்தாள். அதோடு திரும்ப வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"வாங்கப்பா. வந்து சொல்லுங்க. நீங்க சொல்லப்போறது பொய்யுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஜட்ஜும் அத ஏத்துக்கிட்டா நான் அவன் பெண்டாட்டி. பெண்டாட்டி புருஷன் வீட்டுலதானே இருக்கணும்? கோர்ட்டுலேருந்து நேரா தெலுக் இந்தானுக்குப் போறேன். அந்தக் கேட்டு வாசல்ல ஒக்காந்துக்குவேன். வேலைக்காரியா வச்சாலும் இருப்பேன், அடிச்சாலும் இருப்பேன், பிள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு கெடப்பேன். அந்த வாசலுக்கு என்னய அனுப்பி வச்சது நீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லுங்க. அதுதான் ஒங்க கௌரவம்னா எடுத்துக்குங்க."

முத்தம்மா பையைப் பிடுங்கப் பார்த்தாள். செல்லாயி விடவில்லை.

உடையப்பன் மூலையில் கிடந்த சப்பாத்தைக் காலில் மாட்டினார். கயிற்றைக் கட்ட முடியாமல் அப்படியே நடந்து வெளியே போனார். அடுப்பில் கருகும் வாடை வரவே முத்தம்மா உள்ளே ஓடினாள். சாப்பாட்டு அடுக்கை மறந்துவிட்டுப் போகிறாரே என்று நவமணி அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அடுக்கை வாங்கி மாட்டினார். ஏறவில்லை.

"திங்கக்கெழம எத்தன மணிக்கு?"

"சன்னாசி சொல்லலியா?"

"அவரு நேரா அங்க வந்துருவாராம். என்னய வேல முடிஞ்சி பஸ்ஸுல வரச் சொன்னாரு."

ஒன்பது மணிக்கு விசாரணை. லூர்துசாமி இன்று காலையில்தான் சொன்னார், இதுதான் முதல் கேஸ், ஜட்ஜு பிந்தி வருகிற யாரையும் உள்ளே விடமாட்டார் என்று. சாட்சி ஒருவரை வரவிடாமல் செய்வது என்ன குற்றம், என்ன தண்டனை என்று போன பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நவமணி. இன்றைக்குப் பகலில் உண்மையாக மொழிபெயர்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவள்.

"பதினோரு மணிக்குப்பா," என்றாள்.

அவர் தலையாட்டினார். பெடலில் காலை வைத்தவர், வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நான் மணி கேட்டேன்னு அக்காகிட்ட சொல்லாத. அந்தக் கட்டடத்துல அவ தனியா நிக்க வேணாம்," என்றார்.

எந்தப் பக்கம் நிற்க வருகிறீர்கள் என்று அவள் கேட்பதற்குள் சைக்கிள் குளத்து முக்கைத் தாண்டிவிட்டது.